சொக்குப்பொடி போட்டவள் யார்? ஐரோப்பிய மேடையின் ‘ஃபாம் ஃபத்தால்’: ஓர் எளிய அறிமுகம்

திரை விமர்சனங்களிலும் புத்தகப் பின்னட்டைகளிலும் ‘ஃபாம் ஃபத்தால்’ என்ற பிரெஞ்சுச் சொல் இப்போது தாராளமாகப் புழங்குகிறது. சிவப்பு உதட்டுச்சாயம், விரலிடுக்கில் சிகரெட், ஓரக்கண் பார்வை. இவற்றோடு ஒருத்தி வந்து நின்றால் போதும், உடனே அந்தப் பட்டத்தைக் கட்டிவிடுகிறார்கள். சொத்துக்காகச் சூழ்ச்சி செய்யும் மாமியாருக்குக்கூட ஒருவர் இந்தப் பட்டத்தைக் கொடுத்திருந்தார். சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியவில்லை.

தன் கவர்ச்சியால் ஓர் ஆணை வசப்படுத்தி அவனை அழிவுக்கு இட்டுச்செல்லும் பெண் பாத்திரம் என்பது இதன் அகராதிப் பொருள். அதில் தவறில்லை. ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கார்மெனையோ சலோமியையோ லூலுவையோ பார்க்கப் போனால் பாதிதான் புரியும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய மேடையை ஆட்டிவைத்த இந்தப் பாத்திரங்களைப் புரிந்துகொள்ள, அந்தப் பெண் எப்படிப்பட்டவள் என்று கேட்பதைவிட, அவள் கதையைச் சொல்பவர் யார் என்று கேட்பது உதவும்.

திண்ணைப் பேச்சிலிருந்து தொடங்குவோம்

ஒரு தெருவில் ஒருவர் கடன்பட்டு, வீட்டை அடகு வைத்து, வேலையையும் விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஒரு பெண்ணுடன் பழக்கம் இருந்தது ஊருக்கே தெரியும். திண்ணையில் பேச்சு எப்படிப் போகும்? “தங்கமான மனிதர். அவள்தான் சொக்குப்பொடி போட்டு மயக்கிவிட்டாள்.” பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது அவர் கை. குடித்தது அவர் வாய். ஆனாலும் செயல் எல்லாம் அவளுடையதாகிவிடுகிறது.

அந்தப் பெண்ணிடம் யாராவது எதையாவது கேட்டார்களா? அவளுக்கு அவரைப் பிடித்திருந்ததா, அவரிடமிருந்து விலகத்தான் பார்த்தாளா, அவளுக்கு என்ன வேண்டியிருந்தது என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வராது. அவள் வாய்திறக்காததால்தான் அவளுடைய வல்லமை நாளுக்கு நாள் பெருகுகிறது. சொக்குப்பொடி என்று ஒன்று கிடையாது. ஆனால் அது இல்லாமல் அந்தக் கதை நிற்காது.

ஃபாம் ஃபத்தால் கதைகளின் அச்சாணி இதுதான். நாசமான ஆணின் பார்வையிலிருந்து கதை சொல்லப்படும். பெண்ணின் மனத்துக்குள் நமக்கு அனுமதி கிடையாது. அவளுடைய சக்தியை அவன் படும் பாட்டிலிருந்து நாம் ஊகித்துக்கொள்ள வேண்டும். கடைசியில் பெரும்பாலும் அவள் சாவாள், கணக்கு நேராகிவிட்டது என்ற நிம்மதியோடு திரை விழும்.

இந்தக் கணக்கில் வராதவர்கள்

இப்படிப் பார்த்தால் வழக்கமாகச் சேர்க்கப்படும் சிலர் பட்டியலிலிருந்து விழுந்துவிடுவார்கள். கி.மு. 431இல் ஏதென்ஸ் நகரில் மேடையேறிய யூரிப்பிடீஸின் மெடியாவை எடுத்துக்கொள்ளலாம். தன்னைக் கைவிட்ட கணவனைப் பழிவாங்கத் தன் பிள்ளைகளையே கொல்பவள் அவள். ஆனால் கொல்வதற்கு முன் நம் கண்முன்னே தன்னோடு தானே வாதாடுகிறாள். தயங்குகிறாள், மனம் மாறுகிறாள், மறுபடி துணிகிறாள். அவள் மனம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. அதனால் அவள் பயங்கரமானவள்; ஆனால் ஃபாம் ஃபத்தால் இல்லை. ஷேக்ஸ்பியரின் லேடி மாக்பெத்தும் அப்படியே. அவளுக்கு என்ன வேண்டும் என்பது அவள் தோன்றும் முதல் காட்சியிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

சுருங்கச் சொன்னால், கொடுமை செய்யும் பெண் வேறு, ஃபாம் ஃபத்தால் வேறு. பின்னவளின் உள்ளே என்ன இருக்கிறது என்பது கதைக்கு வெளியே வைத்துப் பூட்டப்பட்டிருக்கும்.

கார்மென்: நாவலில் ஒருத்தி, மேடையில் வேறொருத்தி

ப்ராஸ்பெர் மெரிமே எழுதிய ‘கார்மென்’ குறுநாவல் 1845இல் வெளிவந்தது. அதன் கட்டுமானத்தைக் கவனியுங்கள். ஸ்பெயினின் தெற்குப் பகுதியான ஆந்தலூசியாவில் சுற்றும் ஒரு பிரெஞ்சு அறிஞர் கதை சொல்கிறார். அவர் ஒரு சிறைக்குப் போகிறார். மரண தண்டனைக்குக் காத்திருக்கும் தோன் ஹோசே என்ற முன்னாள் படைவீரன் அங்கே அவரிடம் தன் கதையைச் சொல்கிறான். கார்மென் என்ற ரோமா (ஜிப்ஸி) இனப் பெண்ணால் தான் படையை விட்டு ஓடிக் கள்ளக்கடத்தல்காரனாகி, கடைசியில் அவளையே கொன்றதைச் சொல்கிறான். ஆக, கார்மென் நம்மிடம் வந்து சேர்வது இரண்டு ஆண்களின் வாய்வழியாக. அதில் ஒருவன் அவளைக் கொன்றவன். அவன் பேச்சை முடிக்கும் விதம் இன்னும் விசேஷம்: அவளை அப்படி வளர்த்தது அவள் இனத்தார் குற்றம் என்கிறான். கத்தி பிடித்தது யார் என்பதே மறந்துபோகிறது. திண்ணைப் பேச்சு இலக்கியமானால் இப்படித்தான் இருக்கும்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1875 மார்ச் 3 அன்று, ஜார்ஜ் பிஸே இசையமைத்த ஓபராவாக, அதாவது பாடி நடிக்கும் இசைநாடகமாகக் ‘கார்மென்’ பாரிஸின் ஓபரா-கொமிக் அரங்கில் மேடையேறியது. குடும்பத்தோடு போகும் அரங்கு அது. பெண் பார்க்கும் சந்திப்புகளைக்கூட அங்கே ஏற்பாடு செய்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில், சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்பவளும் கள்ளக்கடத்தல்காரர்களின் கூட்டாளியுமான ஒருத்தி கடைசிக் காட்சியில் கத்திக்குத்துப்பட்டுச் சாவதா என்று நிர்வாகத்துக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. முதல் நாள் வரவேற்பு மந்தம்தான். மூன்று மாதங்களில், ஜூன் 3 அன்று, பிஸே 36ஆம் வயதில் இறந்தார். இந்த ஓபரா உலகமெங்கும் பாடப்படுவதை அவர் பார்க்கவில்லை.

ஓபராவுக்கு எழுதப்படும் வசனமும் பாடல் வரிகளும் சேர்ந்த நூலை லிப்ரெட்டோ என்பார்கள். இதற்கு லிப்ரெட்டோ எழுதிய மெய்லாக், அலேவி இருவரும் பிரெஞ்சு அறிஞரை அப்படியே தூக்கிவிட்டார்கள். சிறைக் கதை போயிற்று. இனி கார்மென் யாருடைய நினைவிலும் இல்லை; நம் முன்னால், சதையும் குரலுமாக நிற்கிறாள். மேடையில் இந்தப் பாத்திரத்துக்கு நேரும் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. காகிதத்தில் ஒரு பெண்ணைப் பேசவிடாமல் வைத்திருப்பது எளிது. ஒரு பாடகியை மேடையேற்றி, ஊரே கைதட்டும் பாடலையும் அவளுக்குக் கொடுத்துவிட்டு, அவள் மனத்தை மட்டும் மூடி வைப்பது எப்படி?

பிஸே ஒரு வழி கண்டார். முதல் இரண்டு அங்கங்களில் கார்மென் பாடுபவை பெரும்பாலும் கதைக்குள்ளேயே பாட்டாகப் பாடப்படுபவை: கூட்டத்தின் நடுவே ஒரு பாட்டு, கைகட்டப்பட்ட நிலையில் காவலனான ஹோசேயை மயக்க ஒரு பாட்டு, விடுதியில் ஒரு பாட்டு, அவனுக்காகக் கட்டைத்தாளம் தட்டி ஓர் ஆட்டம். எல்லாம் யாரோ பார்ப்பதற்காகச் செய்யப்படுபவை. அவள் நிகழ்த்திக்கொண்டே இருக்கிறாள். உள்ளே என்ன என்று தெரிவதில்லை.

அவள் முதலில் பாடும் ‘ஹபனேரா’வைக் கொஞ்சம் உன்னிப்பாகக் கேளுங்கள். கியூபாவிலிருந்து வந்த ஆட்டத் தாளம் அது. கீழே செல்லோக்கள் (வயலின் குடும்பத்தின் தாழ்சுருதிக் கருவிகள்) ஒரே சிறிய துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. பாட்டு முடியும்வரை அது அசைவதில்லை. மேலே மெட்டு அரைச்சுரம் அரைச்சுரமாக வழுக்கி இறங்குகிறது. ஹார்மோனியத்தில் வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை எதையும் விடாமல் வரிசையாக அழுத்தி இறங்கினால் வரும் ஒலி அது. இதைக் குரோமாட்டிக் இறக்கம் என்பார்கள். கீழே அசையாத தளம், மேலே எங்கே போய் நிற்கும் என்று பிடிகொடுக்காத குரல். மயக்கம் என்று நாம் சொல்வதை பிஸே இப்படி இரண்டு அடுக்காகக் கட்டியிருக்கிறார். முதல் கார்மெனாகப் பாடிய செலெஸ்தீன் கல்லி-மாரி இந்த நுழைவுப் பாட்டு திருப்தியாக இல்லை என்று பிஸேயைப் பலமுறை மாற்றி எழுதவைத்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மயக்கியவளின் பாட்டில் அந்தப் பாடகியின் தொழில் தெரிந்த பிடிவாதமும் கலந்திருக்கிறது.

கல்லி-மாரி ஒரு மெஸ்ஸோ-சொப்ரானோ, அதாவது உச்சக் குரலான சொப்ரானோவுக்கு ஒரு படி கீழே, சற்றே அடர்ந்த பெண்குரல். கதைக்காகவே புதிதாகச் சேர்க்கப்பட்ட நல்ல பெண் மிக்கேலாவுக்குச் சொப்ரானோ. இரண்டே ஆண்டுகளில், 1877இல் வைமாரில் மேடையேறிய சேன்-சான்ஸின் ‘சாம்சனும் தலீலாவும்’ ஓபராவில் சாம்சனை மயக்கி வீழ்த்தும் தலீலாவும் மெஸ்ஸோதான். அடர்ந்த குரலுக்கு ஆபத்தான பெண் என்ற வழக்கம் இப்படி ஊன்றியது. விதிவிலக்குகளும் உண்டு, அடுத்து வரப்போகும் சலோமியும் லூலுவும் சொப்ரானோக்கள்.

ஆனால் பிஸே போட்ட பூட்டு மூன்றாம் அங்கத்தில் திறந்துகொள்கிறது. தோழிகள் இருவர் சீட்டுக்கட்டில் குறி பார்க்கிறார்கள். ஒருத்திக்குக் காதலன், இன்னொருத்திக்குப் பணக்காரக் கிழவன். இருவருக்கும் ஒரே சிரிப்பு. கார்மென் சீட்டை எடுக்கிறாள். டைமன்ட், ஸ்பேட்: சாவு. மறுபடி எடுத்தாலும் சாவு. அப்போது அவள் பாடுவதில் வழுக்கலும் குலுக்கலும் இல்லை. யாருக்கும் காட்டுவதற்காக அவள் அதைப் பாடவில்லை. மெட்டு நேராக, மெதுவாக, சமமான அடிகளில் நடக்கிறது. இந்தச் சில நிமிடங்களில் அவள் ஃபாம் ஃபத்தாலாக இருப்பதை நிறுத்திவிடுகிறாள் என்பது என் எண்ணம்.

இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது. பிஸேயின் மூலப் பிரதியில் பாட்டுகளுக்கிடையே பேச்சு வசனம் உண்டு. முதல் அங்கத்தில் ஹோசே தன் மேலதிகாரியிடம் தன் பழைய கதையைச் சொல்கிறான்: ஊரில் பந்து விளையாட்டில் ஒருவனோடு தகராறாகி, அதனால் ஊரைவிட்டே ஓடிவர வேண்டியதாயிற்று. அதாவது கார்மெனைப் பார்ப்பதற்கு முன்பே அவன் கைகலப்பில் இறங்கக்கூடியவன். பிஸே இறந்த பிறகு, 1875 அக்டோபரில் வியன்னாவில் நடத்துவதற்காக, இசையமைப்பாளர் எர்னெஸ்ட் கிரோ இந்தப் பேச்சை எடுத்துவிட்டு ரெசிட்டட்டீவ் எழுதிச் சேர்த்தார். பேசுவதுபோலவே பாடிச் செல்லும் பகுதிக்கு அந்தப் பெயர். அதில் இந்தப் பழைய தகராறு இல்லை. வெகுகாலம் உலகம் பெரும்பாலும் கேட்டது இந்த வடிவத்தைத்தான். விளைவு, தாய்க்கு நல்ல மகனான அப்பாவி ஹோசே ஒரு கெட்ட பெண்ணிடம் சிக்கிச் சீரழிந்தான்! சில வரி வசனம் போனால் சொக்குப்பொடி எவ்வளவு வலுக்கிறது பாருங்கள்.

இதுவரை பார்த்தது: நாவலில் கார்மெனை மூடி வைத்தது கதைசொல்லி. மேடையில் கதைசொல்லி இல்லாததால் அந்த வேலையை இசையும் வசன வெட்டும் செய்ய வேண்டியிருந்தது. அதிலும் கசிவு இருந்தது.

அவள் ஏன் எப்போதும் வெளியூர்க்காரி?

அந்தக் காலத்துச் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். 1810இன் பிரெஞ்சுக் குற்றவியல் சட்டம், பிரிவு 324: தன் வீட்டில் மனைவியைக் கள்ளக்காதலனோடு கையும் களவுமாகப் பிடித்த கணவன் கொலை செய்தால், அது மன்னிக்கத்தக்க குற்றம், தண்டனை வெகுவாகக் குறையும். 1975 வரை இந்தப் பிரிவு ஏட்டில் இருந்தது. விவாகரத்து 1816 முதல் 1884 வரை பிரான்சில் கிடையாது. ‘அவள்தான் அவனை அப்படிச் செய்யவைத்தாள்’ என்ற வாதம் அரங்கில் மட்டும் உலவிய கற்பனை அன்று. அதற்குச் சட்டப்புத்தகத்திலும் ஓர் இடம் இருந்தது. அந்த நாட்டில், ‘உன்னோடு முடிந்தது, எனக்கு விடுதலை வேண்டும்’ என்று மேடையில் நின்று ஒருத்தி பாடியது என்ன அதிர்வை உண்டாக்கியிருக்கும் என்பதை இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

அப்படிப் பாடுகிறவள் நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் வம்பு. எனவே அவள் ரோமா இனத்தவள், எகிப்திய ராணி, யூத இளவரசி, கீழைநாட்டு நடனக்காரி. இந்த வேடத்துக்கு எவ்வளவு கிராக்கி என்பதற்கு மாத்தா ஹரியே சாட்சி. நெதர்லாந்தில் பிறந்த மார்கரெத்தா ஸெல்லே என்ற அந்தப் பெண், 1905 மார்ச் 13 அன்று பாரிஸின் கீமே அருங்காட்சியகத்தில் ‘புனித’ நடனம் ஆடிப் புகழ்பெற்றார். தான் மலபார்க் கரையில் ‘ஜாஃப்னாபட்டம்’ என்ற புனித நகரில், கந்தசுவாமி கோயில் நடனக்காரிக்குப் பிறந்தவள் என்று கதை அளந்தார். யாழ்ப்பாணத்தைப் பெயர்த்துக் கேரளக் கடற்கரையில் வைத்ததை பாரிஸில் ஒருவரும் தட்டிக் கேட்டதாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் 67 ஆண்டுகளுக்கு முன்பே, 1838இல், திருவந்திபுரத்துத் தேவதாசிகள் அதே நகருக்கு வந்து நிஜமாகவே ஆடிக் காட்டியிருந்தார்கள்.

முதல் உலகப்போரில் மாத்தா ஹரி ஜெர்மானிய உளவாளி என்று குற்றம் சாட்டப்பட்டு, 1917 அக்டோபர் 15 அன்று பிரெஞ்சுப் படையினரால் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருக்கு எதிரான சாட்சியங்கள் பலவீனமானவை என்றே வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். ஆண்களை மயக்கி ரகசியம் கறப்பவள் என்ற மேடை வேடம் ராணுவ நீதிமன்றத்துக்குள்ளும் கூடவே போய்விட்டது.

சலோமி: பார்ப்பவர்களின் நாடகம்

பைபிளில் ஏரோது மன்னன் முன் ஆடும் பெண்ணுக்குப் பெயரே இல்லை. என்ன பரிசு கேட்கலாம் என்று தாயிடம் போய்க் கேட்கிறாள். சிறையிலிருக்கும் தீர்க்கதரிசி யோவான் ஸ்நானகனின் தலையைக் கேட்கச் சொல்வது தாய். ஆஸ்கார் வைல்டு 1891இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய ‘சலோமி’ நாடகத்தில் இதைத் தலைகீழாக்கினார். அவளே, தன் ஆசைக்காக, அந்தத் தலையைக் கேட்கிறாள். 1892இல் லண்டனில் பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார்ட் ஒத்திகை நடத்திக்கொண்டிருக்கும்போதே தணிக்கை அலுவலகம் தடை போட்டது. பைபிள் பாத்திரங்களை மேடையில் காட்டக் கூடாது என்ற விதியைக் காரணம் காட்டினார்கள். 1896இல் பாரிஸில் முதன்முதலாக நடந்தபோது வைல்டு சிறையில் இருந்தார்.

இந்த நாடகத்தின் தொடக்கம் மிக நுட்பமானது. ஓர் இளம் சிரியக் காவலன் சலோமியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ‘அவளை அதிகமாகப் பார்க்கிறாய், ஏதோ கெட்டது நடக்கப்போகிறது’ என்று பணியாள் எச்சரிக்கிறான். பிறகு ஏரோதிடம் அவன் மனைவியும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறாள். கெடுதல் பார்ப்பவனின் கண்ணில் இருக்கிறது என்று வைல்டு வாசலிலேயே எழுதி மாட்டிவிட்டார். புகழ்பெற்ற அந்த ‘ஏழு திரை நடன’த்துக்கு அவர் எழுதியதோ ஒரே வரி: சலோமி ஏழு திரை நடனம் ஆடுகிறாள். அவ்வளவுதான். மீதியைப் பார்ப்பவர்களே நிரப்பிக்கொள்ளலாம்.

ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இதை ஓபராவாக்கி 1905 டிசம்பர் 9 அன்று டிரெஸ்டன் நகரில் மேடையேற்றினார். முதல் சலோமியான மாரி விட்டிக், தான் கண்ணியமான பெண் என்று சொல்லி ஆட மறுத்துவிட்டார். நடனத்துக்கு மட்டும் வேறொருவர் வந்தார். நடனம்தான் பேசப்பட்டது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது கடைசிக் காட்சி. வெட்டுண்ட தலையைக் கையில் வைத்துக்கொண்டு சலோமி நீண்ட நேரம் தனியாகப் பாடுகிறாள்: நீ என்னைப் பார்க்கவே இல்லை, பார்த்திருந்தால் என்னைக் காதலித்திருப்பாய். அருவருப்பும் இரக்கமும் ஒன்றாக வருகின்றன. அவள் மனம் முழுக்கத் திறந்ததும் ஏரோதுவின் கட்டளை வருகிறது: அந்தப் பெண்ணைக் கொல்லுங்கள். வீரர்கள் கேடயங்களால் அவளை நசுக்குகிறார்கள். அவளை இதுவரை விழுங்குவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, அவள் பேசி முடித்ததும் பொறுக்க முடியவில்லை.

லூலு: வெறும் பெட்டி

ஜெர்மானிய நாடகாசிரியர் ஃபிராங்க் வேடெகிண்ட் எழுதிய ‘மண் ஆவி’, ‘பண்டோராவின் பெட்டி’ ஆகிய இரண்டு நாடகங்களின் நாயகி லூலு. முதல் நாடகம் 1898இல் லைப்சிக் நகரில் மேடையேறியது. சர்க்கஸ் விலங்குப் பயிற்சியாளன் ஒருவன் வந்து, லூலுவைப் பாம்பு என்று அறிமுகப்படுத்துகிறான். அந்தப் பட்டத்தைச் சூட்டுவது டிக்கெட் விற்கும் ஆள் என்பதைத் தவறவிடக் கூடாது.

பிறகு வரும் ஒவ்வோர் ஆணும் அவளுக்கு ஒரு பெயர் வைக்கிறான். ஒருவனுக்கு நெல்லி, ஒருவனுக்கு ஏவாள், ஒருவனுக்கு மிஞ்ஞோன். ஓவியன் அவளிடம் வரிசையாகக் கேட்கிறான்: உன்னால் உண்மை பேச முடியுமா? கடவுளை நம்புகிறாயா? உனக்கு ஆன்மா உண்டா? எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: எனக்குத் தெரியாது. மெரிமே மறைத்து வைத்த பூட்டை வேடெகிண்ட் எல்லாரும் பார்க்கும்படி நடுமேடையில் தொங்கவிட்டார். ஆண்கள் சாகிறார்கள், அவள் லண்டனில் வறுமையில் உடலை விற்கிறாள், லண்டனின் தொடர்கொலைகாரன் ஜாக் த ரிப்பர் கையில் சாகிறாள்.

இதை ஓபராவாக்கிய ஆல்பன் பெர்க் ஒரு வேலை செய்தார். லூலுவால் மாண்ட கணவர்களைப் பாடியவர்களே கடைசி அங்கத்தில் அவளுடைய வாடிக்கையாளர்களாகவும் வருகிறார்கள். மூன்றாம் கணவன் டாக்டர் ஷோனைப் பாடியவர்தான் ரிப்பர். யார் யாரை அழித்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான மேடைக் குறிப்பு வேண்டியதில்லை. பெர்க் 1935இல் மூன்றாம் அங்கத்தை முடிக்காமல் இறந்தார். முழு ஓபராவும் பாரிஸில் மேடையேறியது 1979இல்.

மூன்று பேரையும் அடுக்கிப் பார்த்தால், கார்மெனில் பூட்டு லேசாகக் கசிகிறது, சலோமியில் உடைகிறது, லூலுவில் பூட்டே காட்சிப்பொருளாகிறது.

இன்று இவர்களை எப்படி மேடையேற்றுவது?

2018 ஜனவரியில் ஃபிளாரன்ஸ் நகரில் ஒரு ‘கார்மென்’ நடந்தது. பெண் கொலையாவதற்குக் கைதட்டக் கூடாது என்ற எண்ணத்தில் முடிவை மாற்றி, கார்மென் ஹோசேயைச் சுட்டுக்கொல்வதாக வைத்தார்கள். முதல் நாள் துப்பாக்கி வெடிக்கவில்லை. குண்டு படாமலே ஹோசே விழ வேண்டியதாயிற்று. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆணை அழிக்கும் பெண் என்ற பழைய குற்றச்சாட்டை இந்த முடிவு நிஜமாக்கிவிடுகிறது. சாகும் ஆளை மாற்றினால் மட்டும் கதை சொல்பவர் மாறிவிடுவதில்லை.

அதற்கு முந்தைய கோடையில் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் ஓபரா விழாவில் ரஷ்ய இயக்குநர் திமித்ரி செர்னியாகோவ் செய்தது கெட்டிக்காரத்தனம். உணர்ச்சி மரத்துப்போன ஒரு நவீனக் கணவனை அவன் மனைவி சிகிச்சைக்கு அழைத்து வருகிறாள். சிகிச்சை இதுதான்: அவன் ‘கார்மென்’ கதையில் ஹோசேயாக நடிக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது நடிப்பு. அவனோ மெல்ல மெல்ல அதை நம்பத் தொடங்குகிறான். கடைசியில் கத்தியை எடுக்கிறான். நிஜத்தில் யாரும் சாகவில்லை, நொறுங்கிப்போவது அவன்தான். இந்தக் கதை முழுவதும் அவனுக்குள் ஓடிய கதை என்பது அப்போது புலப்படுகிறது. இதற்காகச் செர்னியாகோவ் மாற்றி எழுதியது பாட்டுகளுக்கிடையே வரும் பேச்சு வசனங்களை. 1875இல் வியன்னாவுக்காக வெட்டி எறியப்பட்டதும் அதே வசனங்கள்தான்.